வெல்வெட் பாவாடையின் பின்துண்டு

வாயைத் திறந்திருக்கக் கூடாது. அதுதான் முதல் பிழை. மற்றப் பிழைகளெல்லாம் அதற்குப் பின்னால் வரிசை கட்டி வந்தவை.

மொன்றியல் நகரின் நடுவில் ஒரு பெரிய அங்காடியின் மூன்றாம் மாடியில், வீட்டுத் துணிப் பிரிவில் எனக்கு வேலை. திரைச்சீலைக்கும் சோபா உறைக்கும் குஷனுக்கும் வாடிக்கையாளர் கேட்கிற துணியை உருளையிலிருந்து இழுத்து, நீள மேசையில் அளந்து, வெட்டி, மடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஆறு வருடம் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டினேன். லொறிகள் வந்து போவதால் அங்கே கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். குளிர்காலத்தில் மூன்று சோடி காலுறை போட்டாலும் விரல்கள் மரத்துப்போகும். என் இடது தோள் பழுதானதும் அங்கேதான். துணி வெட்டும் வேலை கிடைத்த அன்று, மட்டக்களப்பை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக, வேலைக்குப் போக விடியாதா என்று காத்திருந்தேன்.

ஆனால் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அது முடிகிற கிழமையில்தான் இந்தக் கூத்து நடந்தது. என்னை வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேற்பார்வையாளர் திங்கட்கிழமை சொல்ல வேண்டும். அனுப்பினால் மறுபடியும் அந்தத் திறந்த கதவுதான்.

மேற்பார்வையாளர் ஐம்பது வயது தாண்டிய கியூபெக்காரி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சத்தம் போட மாட்டார். சத்தம் போடுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். களஞ்சியத்தில் அப்படி நாலைந்து பேரைப் பார்த்தாயிற்று. இவர் பேசாமல் பார்ப்பார், அதைத்தான் சமாளிக்கத் தெரியாது. நாங்கள் கதைப்பது அவருடைய பிரெஞ்சிலும் என்னுடைய உடைந்த பிரெஞ்சிலும். இங்கே எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதுகிறேன்.

செப்டெம்பரில் எங்கள் மாடி நிறம் மாறும். வெளியே சனம் இன்னும் கைகூட இல்லாத சட்டையோடு திரியும், உள்ளே பொம்மைகளுக்குக் கம்பளிக் கோட்டு ஏறிவிடும். துருப்பிடித்த இரும்பின் நிறம், கடுகு நிறம், காய்ந்த மிளகாய் நிறம். மாடியின் ஒரு பாதி பெண்களின் இலையுதிர்கால உடுப்பு, மறுபாதி எங்கள் துணிகள். அந்த வருடம் மேலிடத்தில் யாருக்கோ ஒரு யோசனை பிறந்தது: பெண்ணும் வீடும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமாம். சோபாவுக்கு எந்தத் துணியோ அதே நிறத்தில் கோட்டு, யன்னலுக்கு எந்தச் சீலையோ அதே நிறத்தில் சால்வை. அப்படி உடுத்திக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் ஆளைத் தேட வேண்டியதுதான் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பழைய வாடிக்கையாளர்களை அழைத்துக் கோப்பி கொடுத்து இதையெல்லாம் காட்டுவதாக ஏற்பாடு. இரண்டு பிரிவும் சந்திக்கிற இடத்தில் ஒரு பொம்மையை நிறுத்தி, எங்கள் துரு நிற வெல்வெட்டில் ஒரு நீளப் பாவாடை போட வேண்டும். அதற்குப் பின்னால் அதே வெல்வெட்டில் திரைச்சீலை தொங்கும். பாவாடையைத் தைக்க வேண்டிய தையற்காரிக்கு வியாழக்கிழமை காய்ச்சல்.

மேற்பார்வையாளர் போனை வைத்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன்.

"எனக்குத் தைக்கத் தெரியும், மதாம்."

"வெல்வெட்டா?"

"பாவாடை எல்லாம் பாவாடைதானே."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அந்த உருளையில் மூன்றரை மீற்றர்தான் மிச்சம் இருக்கிறது, புதிது வர மூன்று கிழமை ஆகும், கவனம் என்றார்.

நான் அப்படித் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமை ஒரு சென்னைக்கார அம்மா வந்திருந்தார். இல்-பிசார் தீவில் ஆற்றைப் பார்த்த வீடு, முப்பது வருடமாக இங்கே டொக்டர். பெரிய யன்னலுக்கு வெல்வெட் பார்க்க வந்தவர். நான் ஆசையாக, "நீங்க தமிழா?" என்று கேட்டேன். "யெஸ்" என்றார். அதற்குமேல் ஒரு தமிழ்ச் சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் மீற்றர்க் கணக்குச் சொல்லி முடித்ததும், அனுபவமுள்ள வேறு யாரும் இருக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேற்பார்வையாளருக்கும் அது கேட்டது. மரியாதையாகத்தான் கேட்டார், ஆனாலும் எனக்கு இரண்டு நாள் நெஞ்சு எரிந்தது. பழைய வாடிக்கையாளர் என்பதால் சனிக்கிழமை அவரும் வருவார். வந்து பார்க்கட்டும் என்று எனக்கு ஒரு திமிர்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பின்னறையில் வெல்வெட்டை விரித்தேன். பாவாடைக்கு ஆறு துண்டு. ஒவ்வொன்றும் இடுப்பில் ஒடுக்கம், கீழே அகலம். சேலைக்குள் கட்டுகிற உள்பாவாடை தைத்த எவளுக்கும் இது மனப்பாடம். முதல் துண்டை நேராக வைப்போம், அடுத்ததைத் தலைகீழாக வைப்போம். ஒன்றின் ஒடுக்கம் மற்றதின் அகலத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டி உட்காரும், நடுவில் துணி வீணாகாது. பத்து வயதில் தொடங்கி எத்தனை உள்பாவாடை வெட்டியிருப்பேன்! என் கை யோசிக்கவே இல்லை. ஒன்று நேர், ஒன்று தலைகீழ், ஒன்று நேர். அடுத்த வரிசையில் தலைகீழ், நேர், தலைகீழ். ஆறும் வெட்டி முடிய மேசையில் ஒரு மீற்றருக்கு மேலே முழுத் துணி மிச்சம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மிச்சத்தை மடித்து, மேற்பார்வையாளர் கண்ணில் படுகிற மாதிரி மேசை ஓரத்தில் வைத்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பாவாடை முடிந்தது. இடுப்புப் பட்டி, கொக்கி, கீழ் மடிப்பு எல்லாம் கையாலேயே முடித்தேன். பொம்மைக்குப் போட்டுவிட்டு, மேலே இருந்த விளக்குகளை ஏற்றினேன்.

ஒரு துண்டு கருஞ்சிவப்பு. அடுத்த துண்டு வெளிறிய செம்மண். மறுபடி கருஞ்சிவப்பு. மறுபடி செம்மண்.

விளக்கில்தான் பிழை என்று நினைத்து அணைத்துப் போட்டேன். பொம்மையைத் திருப்பினேன். நான் அந்தப் பக்கம் போனேன், இந்தப் பக்கம் வந்தேன். பிறகு கையை வைத்துப் பார்த்தேன். ஒரு துண்டு கீழ்நோக்கித் தடவ வழுக்கியது. பக்கத்துத் துண்டு பூனையின் முதுகை வாலிலிருந்து தலைக்குத் தடவுகிற மாதிரி முரண்டு பிடித்தது. அப்போதுதான் விளங்கியது. வெல்வெட்டின் மேலே நிற்கிற பூமயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தலைகீழாகப் பிடித்தால் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்து நிறமே மாறிவிடும். மூன்று மாதமாக வெல்வெட் வெட்டிய எனக்கு இது தெரியாது. ஏனென்றால் உருளையிலிருந்து நேரே இழுத்து நேரே வெட்டினேனே தவிர, ஒரு துண்டைக்கூடத் திருப்பிப் போட்டதில்லை. பருத்தியும் வொயிலும் தைத்த கைக்கு மேலும் கீழும் ஒன்றுதான்.

உள்ளங்கை வியர்த்துவிட்டது. அந்தக் கையால் வெல்வெட்டைத் தொடவும் பயம்.

மேற்பார்வையாளர் கீழ்மாடியில் கூட்டத்தில் இருந்தார். நாலு மணிக்கு மேலே வருவார். எனக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. போய்ச் சொல்வதா? செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்வி காதில் ஒலித்தது: அனுபவமுள்ள வேறு யாரும் இருக்கிறார்களா? திங்கட்கிழமை அவர் என்ன முடிவு எடுப்பார் என்பதற்குச் சாத்திரக்காரன் தேவையில்லை.

பாவாடையைக் கழற்றிக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். தலைகீழான மூன்று துண்டின் தையலையும் பிரித்தேன். மிச்சம் பிடித்த துணியை விரித்து, இந்த முறை எல்லாவற்றையும் நேராக வைத்துப் பார்த்தேன். இரண்டு துண்டுதான் வந்தது. எப்படித் திருப்பினாலும், எப்படிச் சாய்த்தாலும் மூன்றாவதற்கு இடமில்லை. அந்த நிலையிலும் ஒரு கணக்கு மூளைக்குள் ஓடியது: முதலிலேயே ஒழுங்காக நேராக வெட்டியிருந்தால் மூன்றரை மீற்றர் ஆறு துண்டுக்கும் கச்சிதமாகப் போதும். மிச்சம் பிடித்ததால்தான் போதாமல் போனது. மேசைக்கு மேலே குனிந்து ஒரு தரம் அழுதேன். வெல்வெட்டில் கண்ணீர் பட்டால் கறை என்று ஞாபகம் வந்து அதையும் நிறுத்தினேன்.

புதிய இரண்டையும் வைத்துத் தைத்தேன். மூன்றாவது இடத்தில் பழைய துண்டையே மறுபடி வைத்து, அது நடு முதுகில் வரும்படி செய்தேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் பொம்மையைத் திரைச்சீலையோடு ஒட்ட நிறுத்தினேன். முன்னால் பார்த்தால் மகாராணி.

மேற்பார்வையாளர் வந்தார். முன் துண்டைப் புறங்கையால் தடவினார்.

"நன்றாக இருக்கிறது," என்றார். மூன்று மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் பாராட்டு அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் "மெர்சி, மதாம்" என்றேன்.

பிரித்தெடுத்த இரண்டு துண்டும் பின்னறையில் கிடந்தன. குப்பைத்தொட்டி பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு தரம் மூடியைத் திறந்தேன். கண்ணைப் பறிக்கிற அந்த வெல்வெட்டை, ஒரு கிழிசல் இல்லாத துணியை, கோப்பிக் கோப்பைகளுக்கு மேலே போட என் கை மறுத்துவிட்டது. துணியைக் குப்பையில் போடுவது எங்கள் வீட்டில் சோற்றைக் கொட்டுவதற்குச் சமம். மடித்து, சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே என் பையில் வைத்தேன். களவு என்ற சொல் என் தலைக்குள் வரவே இல்லை. பிழையை மறைக்கிற அவசரத்தில் அதைவிடப் பெரிய வம்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்கு ஊழியர்கள் வெளியேறும் வாசலில் காவலாளி வழக்கம் போல, "பை?" என்றார். தினமும் திறந்து காட்டுகிற பைதான். திறந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கினார். துரு நிற வெல்வெட் வெளிச்சத்துக்கு வந்தது.

"இது என்ன?"

"வெல்வெட்," என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போனை எடுத்தார். மூன்று நிமிடத்தில் மேற்பார்வையாளர் படியிறங்கி வந்தார். அந்த மூன்று நிமிடத்துக்குள் நான் களஞ்சியத்துக்குப் போய்ப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். களஞ்சியம்கூடக் கிடைக்காது என்றும் தோன்றியது. களவெடுத்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அவர் துண்டுகளை வாங்கி விரித்தார். ஒடுக்கமும் அகலமுமான அந்த வடிவத்தைப் பார்த்தார். தையல் பிரித்த ஊசித் துளைகளை விரலால் தடவினார். பிறகு துண்டை மேலிருந்து கீழாகத் தடவினார், அதைத் திருப்பிப் பிடித்து மறுபடி தடவினார். என்னைப் பார்த்தார்.

"கழிவுத் துண்டு," என்றார் காவலாளியிடம். "நான்தான் கொடுத்தேன். எழுதிக் கொடுக்க மறந்துவிட்டேன்."

காவலாளி தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளின் பையைக் கேட்டார். மேற்பார்வையாளர் என்னை ஒரு பக்கமாக அழைத்துப்போனார்.

"எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை," என்றார் மெல்ல. "இன்னொரு முறை சொல்ல மாட்டேன். தலைகீழாக வெட்டினாய். பிறகு சரிப்படுத்தினாய். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்று தலையை ஆட்டினால் போதும். தப்பிவிடலாம். பொம்மையின் முதுகு திரைச்சீலையோடு ஒட்டி இருக்கிறது, யாரும் பார்க்கப்போவதில்லை. அவர் திரும்பி இரண்டு படி ஏறியும் விட்டார். எனக்காகப் பொய் சொன்ன மனுசியின் முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"மதாம். பின்னால இன்னும் ஒண்டு இருக்கு." இதைத் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் நின்றார். திரும்பவும் பிரெஞ்சில், சொல் சொல்லாகப் பொறுக்கி, பின்துண்டு ஒன்று இன்னும் தலைகீழாகவே இருக்கிறது, துணி போதவில்லை, அதனால் மறைத்தேன் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "நாளை ஒன்பது மணிக்கு வா," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் எங்கட வீட்டுக்காரர் லொறி ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேசாம வந்திருக்கலாமேகா," என்றார் எங்கள் ஊர்ப் பேச்சில்.

"வந்திருக்கலாம்."

"மறுகா அந்தக் குளிருக்குள்ளயா போகப்போறாய்?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அவரில் இல்லை, என் கையில். யோசிக்காமல் வெட்டுகிற கை, ஆனால் எறியச் சொன்னால் மட்டும் யோசிக்கிற கை. "போனா போறன்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். அன்று நான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். பொம்மை திரும்பி நின்றது. முதுகு சனம் வருகிற பாதையைப் பார்த்திருந்தது. ஒரு விளக்கை வேறு அந்தப் பின்துண்டுக்கு நேரே திருப்பிவிட்டிருந்தார்கள். இரண்டு கருஞ்சிவப்புக்கு நடுவே அது செம்மண் ரோட்டுப் போலப் பளிச்சென்று கிடந்தது.

"இன்று நீதான் இங்கே நிற்பாய்," என்றார் மேற்பார்வையாளர். "வெல்வெட் வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் இதைக் காட்டி, ஏன் இப்படி ஆனது என்று சொல். துணி வாங்கிக்கொண்டு போய் வீட்டில் தாங்களே வெட்டுகிறவர்கள் பாதிப் பேர். அவர்களும் இதே பிழையை விடுவார்கள்."

"யார் வெட்டினது என்றும் சொல்லவா, மதாம்?"

"அது உன் இஷ்டம்."

தண்டனையா, பாடமா என்று எனக்குப் பிடிபடவில்லை. முகம் முழுக்க எரிந்தது. திங்கட்கிழமையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை; கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

பதினொரு மணிக்குக் கோப்பி வாசத்தோடு சனம் வந்தது. முதல் ஆளுக்கு நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை. இரண்டாவது ஆளின் கையைப் பிடித்து வெல்வெட்டில் வைத்தேன். கீழே தடவுங்கள், இப்போது பக்கத்துத் துண்டு. அந்த அம்மாவின் புருவம் மேலே போனது. அதற்குப் பிறகு பிரெஞ்சு அவ்வளவு தேவைப்படவில்லை. யார் வெட்டியது என்று ஒருவர் கேட்டார். "நான்தான்," என்றேன். சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

ஐந்தாவதோ ஆறாவதோ ஆளாகச் சென்னைக்கார டொக்டர் அம்மா வந்து நின்றார். கடுகு நிறக் கோட்டு, கையில் கோப்பி. பக்கத்தில் மேற்பார்வையாளர். வேறு யாருக்கு முன்னால் வேண்டுமானாலும் சொல்லலாம், இவருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஆனால் நிறுத்தவும் முடியாது. கையைத் துண்டில் வைத்து, பிரெஞ்சில் தொடங்கினேன்.

அவர் நான் முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. குனிந்து பின்துண்டைப் பார்த்தார், பக்கத்துத் துண்டைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்து முடியாமல், வெளியே வந்தது.

"ஐயோ! உள்பாவாடைக்கு வெட்ற மாதிரி வெட்டிட்டீங்களா?"

தமிழ். அந்த மாடி முழுவதிலும் அது எப்படி நடந்தது என்று கேளாமலே தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"ஓம்," என்றேன். "துணி மிச்சம் பிடிச்சன்."

"நானும் இதே மாதிரி ஒரு நல்ல துணியைப் பாழாக்கியிருக்கேன்மா. இன்னிவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல." சிரித்துக் கண்ணில் வந்த தண்ணீரை விரல் நுனியால் துடைத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

பிறகு அவர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் பேசினார். என் பிரெஞ்சைப் போல நூறு மடங்கு. ஆற்றுப் பக்க யன்னலுக்கு இந்த வெல்வெட்டேதான் வேண்டும் என்றார். புது உருளை வர மூன்று கிழமை ஆகுமே என்றார் மேற்பார்வையாளர். ஆகட்டும் என்றார் இவர். என்னைக் கையால் காட்டினார்.

"ஆனால் இவர்தான் வெட்ட வேண்டும். இனி இந்தப் பிழையை விடாத ஆள் இந்தக் கடையில் இவர் ஒருவர்தான். மூன்று கிழமையில் இவர் இங்கே இருப்பாரா?"

என் கை பின்துண்டின் மேலேயே இருந்தது. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். வழக்கமான அதே பார்வை.

"இருப்பார்," என்றார். பிறகு அடுத்த வாடிக்கையாளருக்குக் கோப்பி ஊற்றப் போனார்.